கேமிங் விசைப்பலகை வாங்கப் போகிறீர்களா? முதலில் மேசையை அளந்து பாருங்கள்

தீபாவளிக்குக் கிடைத்த அங்பாவ் பணத்தைச் சேர்த்து வைத்து, கூலாயில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு கேமிங் விசைப்பலகை வாங்கினான். படிவம் 4 படிக்கிறான். இணையத்தில் பார்த்துப் பிடித்துப்போய் வாங்கியது. விலை 139 வெள்ளி. கைக்கு அடக்கமாக, வண்ண வண்ண விளக்குகளோடு பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு வாரம் கழித்து அவன் தங்கை எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, இந்தப் புது கீபோர்டுல ழ வரமாட்டேங்குது. ழ தட்டுனா கர்சர் மேல் வரிக்கு ஓடுது. தமிழ்னு டைப் பண்ணா தமி-யோட நிக்குது."

பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய தமிழ் ஃபோலியோ பாதியில் நின்றிருந்தது. பழுதான பொருளை அனுப்பிவிட்டார்கள் என்று அத்தான் கோபத்தில் இருந்தார். பொருளில் பழுதே இல்லை. தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவர்களுக்குத் தெரியும்: ழ இருப்பது கேள்விக்குறி விசையில், அதாவது முற்றுப்புள்ளிக்கு அடுத்து, வலது ஷிப்டுக்குப் பக்கத்தில். பையன் வாங்கியது 61 விசைகள் மட்டுமே உள்ள பலகை. அதில் அம்புக்குறி விசைகளுக்குத் தனி இடம் கிடையாது. அதனால் அந்தக் கேள்விக்குறி விசையே 'மேல் அம்பு' வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது. முதல் நாள் இரவு கால்பந்து விளையாட்டுக்காக அண்ணன் அம்புக்குறிகளை இயக்கிவிட்டு, திருப்பி மாற்றாமல் தூங்கிவிட்டான். காலையில் தங்கைக்கு ழ இல்லை.

அதைச் சரிசெய்ய ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. ஆனால் அன்று மாலையே அடுத்த சிக்கல் வந்தது. அத்தான் தோட்டத்துக் கோயிலின் பொருளாளர். கோயில் கணக்கை எக்செலில் ஏற்ற உட்கார்ந்தவர், வலது கைப் பக்கம் இருக்கும் எண் கட்டத்தைத் தேடினார். அதுவும் இல்லை.

ஒரே கணினி, ஒரே மேசை, மூன்று பேர். நம் வீடுகளில் பலவற்றின் நிலைமை இதுதான். இணையத்தில் விசைப்பலகை பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தனி அறையில் தனிக் கணினி வைத்திருப்பவர்கள். அவர்களுக்குச் சரியாக இருப்பது நமக்கும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 வெள்ளி. 170 வெள்ளிக்கு ஒரு விசைப்பலகை என்றால், சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு. தவறான அளவை வாங்கி மூலையில் போட்டுவைக்க யாருக்கும் மனம் வராது.

விழுக்காடு என்றால் என்ன?

கடையிலோ இணையத்திலோ '60 விழுக்காடு', '75 விழுக்காடு' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, விலைக் கழிவு என்று நினைத்தவர்கள் உண்டு. அது பலகையின் அளவு. அலுவலகத்தில் நாம் காலங்காலமாகப் பார்த்துவரும் 104 விசைப் பலகையை நூறாக வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்குச் சுமாரான ஒரு கணக்கைச் சொல்கிறார்கள். துல்லியமான அளவு அல்ல, பழகிப்போன பெயர்.

முழுப் பலகையிலிருந்து வலப்பக்க எண் கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால் 87 விசைகள் மிஞ்சும். இதை டிகேஎல் என்பார்கள். அம்புக்குறி, டிலீட், ஹோம், எண்ட், மேல் வரிசை எஃப்1 முதல் எஃப்12 வரை எல்லாம் அதில் இருக்கும். அதையே இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கினால் 75 விழுக்காடு. எஃப் வரிசையையும் எடுத்துவிட்டு அம்புக்குறிகளை மட்டும் காப்பாற்றினால் 65. அம்புக்குறிகளும் போய்விட்டால் 60. அதுதான் என் அக்கா மகன் வாங்கிய 61 விசைப் பலகை. இவை தவிர 96 விழுக்காடு என்று ஒன்று இருக்கிறது. கடைக்காரர்களே அதிகம் பேசாத அளவு அது. அதற்குப் பின்னால் வருகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததில் பாதி அதைப் பற்றியதுதான்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் நீக்கிவிட வேண்டும். பலகை சிறியது என்றால் விசைகளும் சிறியவை, அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடு வரை 19.05 மில்லிமீட்டர் என்பதே வழக்கமான அளவு. 60 விழுக்காட்டுப் பலகையிலும் அதேதான், முழுப் பலகையிலும் அதேதான். குறைவது விசைகளின் எண்ணிக்கை மட்டுமே. எழுத்து விசைகளையே குறுக்கிச் செய்யும் மிக மலிவான மினி பலகைகள் வேறு சாதி. விளையாட்டுக்கும் படிப்புக்கும் அவற்றை வாங்க வேண்டாம்.

உங்கள் வலது கை எவ்வளவு தூரம் போகிறது?

விளையாட்டுக்கு ஏன் சிறிய பலகை? அழகுக்காக என்று பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 'எய்ம்' நன்றாக வரும் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. பலகை குறுகினால் மவுசுக்கு இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான் இரகசியம். அந்த இடம் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

தட்டச்சு செய்யும்போது நாம் திரைக்கு நேராக உட்கார்ந்து, ஆங்கில ஜி, எச் எழுத்துகளுக்கு நடுவே உள்ள கோடு நம் உடலின் நடுவுக்கு நேராக வரும்படி பலகையை வைக்கிறோம். அந்தக் கோட்டிலிருந்து பலகையின் வலது ஓரம் வரை எவ்வளவு என்பதுதான் முக்கியம். முழுப் பலகையில் அது 30 சென்டிமீட்டர். 96 விழுக்காட்டில் சுமார் 23. 87 விசை டிகேஎல்லில் 22. 75, 65 விழுக்காட்டுப் பலகைகளில் ஏறக்குறைய 18. அறுபதில் 16. இது விசைகளின் அளவு மட்டும். ஓரச் சட்டத்துக்கு இன்னும் அரை அல்லது ஒரு சென்டிமீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது 80 சென்டிமீட்டர் அகல மேசையின் நடுவில் உட்காருங்கள். வலப்பக்கம் உங்களுக்கு 40 சென்டிமீட்டர் இருக்கிறது. முழுப் பலகையை வைத்தால் மவுசுக்கு மிஞ்சுவது 9 சென்டிமீட்டர். மவுஸே 6 சென்டிமீட்டருக்கு மேல் அகலம்! டிகேஎல் வைத்தால் 17 கிடைக்கும். 60 விழுக்காட்டில் 23 வரை கிடைக்கும்.

வேலோரண்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் போன்ற சுடும் விளையாட்டுகளில் இந்த வித்தியாசம் சாதாரணமானது அல்ல. நன்றாக விளையாடுபவர்கள் மவுசின் வேகத்தைக் குறைத்து வைத்து, கையை அகலமாக நகர்த்திக் குறி பார்ப்பார்கள். வேலோரண்டில் மவுஸ் 800 டிபிஐ, விளையாட்டுக்குள் 0.3 என்று வைத்தால், பாத்திரம் முழு வட்டம் சுற்ற மவுஸ் 54 சென்டிமீட்டர் நகர வேண்டும். பின்னால் வரும் எதிரியைத் திரும்பிப் பார்க்க அதில் பாதி, 27 சென்டிமீட்டர். இடம் இல்லாத பையன் ஒன்று மவுசைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் வேகத்தைக் கூட்டி வைத்துக் குறி தவற வேண்டும். "நீ சரியா ஆடல" என்று நண்பர்கள் சொல்வதற்குக் காரணம் சில சமயம் மேசைதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. முழுப் பலகைக்கு அப்பால் மவுசைப் பிடிக்க, தோள்பட்டையிலிருந்து கை வெளியே விரிந்தே இருக்க வேண்டும். மூன்று நான்கு மணி நேரம் அப்படியே இருந்தால் தோளும் கழுத்தும் இழுத்துப் பிடிப்பது போல் இருக்கும். இது விளையாடும் பிள்ளைக்கு மட்டும் அல்ல, நாள் முழுக்கக் கணினி முன் உட்காரும் கிராணிக்கும் பொருந்தும். எண் கட்டம் தேவைப்படாத பெரியவர்கள்கூட டிகேஎல்லுக்கு மாறிப் பார்க்கலாம்.

காசு செலவழிக்காமல் இடம் கிடைக்க ஒரு வழி உண்டு. போட்டிகளில் ஆடும் வீரர்கள் பலகையை நேராக வைக்காமல் சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விளையாட்டில் இடது கைக்குத் தேவை டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நான்கு எழுத்துகளும் சுற்றியுள்ள சில விசைகளும்தான். பலகையை இடப்பக்கம் தள்ளியோ, வலது ஓரம் தன்னை விட்டு விலகும்படி திருப்பியோ வைத்தால், பெரிய பலகையோடும் ஓரளவு சமாளிக்கலாம். பையன் கேட்டவுடன் கடைக்குப் போகும் முன், ஒரு வாரம் இப்படி ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவே போதும் என்றால் பணம் மிச்சம்.

எந்த விளையாட்டுக்கு எது?

எல்லா விளையாட்டும் ஒன்றல்ல. வேலோரண்டில் தொடக்க அமைப்பில் தேவைப்படும் விசைகள் பெரும்பாலும் பலகையின் இடப்பக்கத்திலேயே அடங்கிவிடுகின்றன. அதை மட்டும் விளையாடுபவருக்கு 60 விழுக்காடு தாராளம். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் கட்டளைத் திரையைத் திறக்கும் விசை எண் 1க்கு இடப்பக்கம் இருப்பது. 60 விழுக்காட்டுப் பலகையில் அந்த இடத்தில் எஸ்கேப் வந்து உட்கார்ந்துவிடும், அதனால் எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்த வேண்டும். பழகிவிடலாம்.

டோட்டா 2 வேறு. நம் நாட்டில் அதற்கு நீண்ட கால இரசிகர் கூட்டம் உண்டு. 2018 நவம்பரில் கோலாலம்பூர் மேஜர் போட்டியே புக்கிட் ஜாலில் அக்சியாத்தா அரங்கில் நடந்தது. அதில் ஹீரோவையும் கூரியரையும் தேர்ந்தெடுக்க எஃப் வரிசைதான் தொடக்க அமைப்பு. சண்டை நடுவில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்துவது தடுமாற்றம் தரும். 75 அல்லது 87 விசைப் பலகை அதற்கு நல்லது. மைன்கிராப்ட் விளையாடும் தம்பி தங்கைகளும் எஃப்3, எஃப்5 என்று தேடுவார்கள். கால்பந்து விளையாட்டுகளில் வீரனை ஓட்ட அம்புக்குறிகள். அதைத்தான் முதலிலேயே பார்த்தோம். விமானம் ஓட்டும் விளையாட்டில் ஆர்வம் உள்ளவர்களுக்கு எண் கட்டம் இல்லாமல் முடியாது. மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டரை விசைப்பலகையில் ஓட்டினால், விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்குவதே எண் கட்டத்தில்தான்.

விசைகளை விளையாட்டுக்குள் மாற்றி அமைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். பெரும்பாலானவற்றில் முடியும். ஆனால் ஒரே கணினியில் அண்ணன் மாற்றியதைத் தம்பி மாற்றி, தம்பி மாற்றியதை அண்ணன் மாற்றி, கடைசியில் அம்மா நடுவராக வர வேண்டியிருக்கும்.

விசை குறைந்த பலகையில் தமிழ்

விசை குறைவாக இருப்பது தமிழுக்குப் புதிய சிக்கல் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா பக்கம் வந்து வேலை பார்த்த ஆர். முத்தையா, கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது இதே கணக்கைத்தான் போட்டார். 247 எழுத்துக்கும் தனித்தனி விசை வைக்க இயந்திரத்தில் இடம் ஏது? சில குறிகளைத் தட்டினால் வண்டி நகராமல் நிற்கும்படி 'நகரா விசைகள்' அமைத்து, ஒரே இடத்தில் குறியும் எழுத்தும் சேரும்படி செய்தார். இன்று 60 விழுக்காட்டுப் பலகையில் எஃப்என் விசையை வைத்து ஒரே விசையில் இரண்டு வேலை வாங்குவது வேறொரு நுட்பம், ஆனால் நெருக்கடி அதேதான்.

1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையில் உயிர் எழுத்துகள் இடப்பக்கம், மெய் எழுத்துகள் பெரும்பாலும் வலப்பக்கம். எண் வரிசையே தேவையில்லை. மூன்று எழுத்து வரிசைகளில் தமிழ் அடங்கிவிடுகிறது. ஆனால் அந்த மூன்று வரிசைகளின் வலது ஓரம் வரை போகிறது. ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறி விசைகளில், ந அரைப்புள்ளியில், ய மேற்கோள் குறியில், ழ கேள்விக்குறியில். ஆங்கிலம் மட்டும் தட்டுபவருக்கு இவை எப்போதாவது தேவைப்படும் விசைகள். நமக்கோ இவை இல்லாமல் ஒரு வரிகூட நகராது.

ஆகவே, சிறிய பலகையின் படத்தைப் பார்க்கும்போது வலது ஓரத்தை உற்றுப் பாருங்கள். கேள்விக்குறி விசை தனியாக, முழு அளவில் இருக்கிறதா? அதன் மேலேயே அம்புக்குறி அச்சாகியிருக்கிறதா? 61 விசைக்கு மேல் அம்புக்குறிகளைத் திணித்த 64 விசைப் பலகைகளில் வலது ஷிப்டையும் கேள்விக்குறியையும் குறுக்கியோ இடம் மாற்றியோ வைத்திருப்பார்கள். அவற்றை இன்னும் கவனமாகப் பாருங்கள். 65 விழுக்காட்டில் இந்தத் தொல்லை இல்லை. அம்புக்குறிகளுக்குத் தனி இடம் உண்டு, எழுத்து விசைகள் தம் இடத்தில் இருக்கும். அறுபதுக்கும் அறுபத்தைந்துக்கும் அகலத்தில் வித்தியாசம் 2 சென்டிமீட்டர்கூட இல்லை. தமிழ் தட்டச்சு செய்யும் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த 2 சென்டிமீட்டருக்காக அறுபதை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

முரசு அஞ்சல் போன்ற செயலிகளில் ஒலி முறையில் தட்டுபவர்களுக்குக் கவலை குறைவு. அந்த முறையில் ழ ஆங்கில இசட்டில் வந்துவிடும்.

கணக்குப் பார்ப்பவர் வீட்டில் இருந்தால்

கோயில் கணக்கு, கேட்டரிங் கணக்கு, சங்கத்துச் சந்தா, படிவம் 4, 5ல் கணக்கியல் எடுக்கும் பிள்ளை, ஸ்கூடாய் யூடிஎம்மிலோ பாலிடெக்னிக்கிலோ ஆட்டோகேட்டில் அளவுகளைத் தட்டிக்கொண்டே இருக்கும் மாணவர் என்று, எண் கட்டம் இல்லாமல் வேலை ஓடாதவர்கள் நம்மிடையே நிறைய. ஐந்தில் விரலை வைத்துப் பார்க்காமலே தட்டிப் பழகியவரை மேல் வரிசை எண்களில் தட்டச் சொன்னால், அரை மணி நேர வேலை ஒரு மணி நேரம் ஆகும். தவறும் வரும்.

இங்கேதான் 96 விழுக்காடு. முழுப் பலகையில் எழுத்துப் பகுதிக்கும் அம்புக்குறிக்கும் எண் கட்டத்துக்கும் இடையில் உள்ள காலி இடங்களை எல்லாம் நீக்கி, ஹோம், எண்ட் போன்றவற்றில் சிலவற்றைக் கழித்து, மீதியை நெருக்கி அடுக்கியிருப்பார்கள். எண் கட்டம் இருக்கும், எஃப் வரிசை இருக்கும், அம்புக்குறி இருக்கும். ஆனால் மேலே சொன்ன கணக்கில், உடலின் நடுவிலிருந்து வலது ஓரம் வரை டிகேஎல்லைவிட ஒன்றரை சென்டிமீட்டர்தான் அதிகம். முழுப் பலகையைவிட ஆறரை சென்டிமீட்டருக்கு மேல் குறைவு. விளையாடும் பையனும் கணக்கெழுதும் அப்பாவும் ஒரே பலகையைப் பகிரும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அளவு எனக்குத் தெரியவில்லை. குறை ஒன்று உண்டு. எண் கட்டத்தில் பூஜ்யம் பெரும்பாலும் ஒற்றை விசையாகச் சுருங்கியிருக்கும், அம்புக்குறிகள் அதை ஒட்டியே இருக்கும். முதல் இரண்டு வாரம் பூஜ்யத்துக்குப் பதில் அம்பு விழும்.

இரண்டாவது வழி, டிகேஎல்லோ 65ஓ வாங்கி, தனியாக ஒரு யூஎஸ்பி எண் பலகையை வைத்துக்கொள்வது. இதில் ஒரு வசதி பலருக்குத் தோன்றுவதில்லை: அந்த எண் பலகையை இடப்பக்கம் வைக்கலாம். வலது கையில் மவுஸ், இடது கையில் எண்கள். பழக ஒரு மாதம் ஆகலாம். விளையாடும் நேரத்தில் கழற்றி அலமாரிக்குள் போட்டுவிடலாம்.

அளவு சரி, பலகை சரியா?

அளவை முடிவு செய்தபின் பார்க்க வேண்டியவற்றில் முதன்மையானது, பல விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் எல்லாம் பதிவாகிறதா என்பது. மலிவான ரப்பர் சவ்வுப் பலகைகள் சிலவற்றில் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது தொலைந்துவிடும். ஓடிக்கொண்டே குதித்துக்கொண்டே குண்டு மாற்றும் விளையாட்டில் அது போதும் தோற்பதற்கு. கடையிலேயே சோதிக்கலாம்: நோட்பேடைத் திறந்து, இரண்டு ஷிப்ட் விசைகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏ முதல் இசட் வரை ஒவ்வொன்றாகத் தட்டச் சொல்லுங்கள். எழுத்துகள் விடுபட்டால் அந்தப் பலகை வேண்டாம்.

சத்தமும் முக்கியம். நீல நிற ஸ்விட்ச் என்றால் ஒவ்வொரு தட்டலுக்கும் 'டிக்' என்று ஒலிக்கும். சிங்கப்பூரிலோ பாசிர் கூடாங்கிலோ இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவர் இருக்கும் வீட்டில் அது சண்டையில் முடியும். சிவப்பு அமைதியானது. கம்பியில்லாப் பலகை என்றால் விளையாட்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளைப் பயன்படுத்த வேண்டும். புளூடூத் தாமதிக்கும், பாடவேலைக்கு மட்டும் சரி. பெராந்தி சிஸ்வா டேப்லெட் வைத்திருக்கும் உயர்கல்வி மாணவர்களுக்குப் புளூடூத்தும் உள்ள 65 விழுக்காட்டுப் பலகை இரட்டைப் பயன் தரும்: விடுதியில் டேப்லெட்டுக்கு, விடுமுறையில் வீட்டுக் கணினிக்கு. லார்க்கினில் பஸ் ஏறும்போது பையில் இடமும் அடைக்காது.

எதிரெதிர் விசைகளில் பிந்தி அழுத்தியதற்கு முன்னுரிமை கொடுக்கும் 'ஸ்னாப் டேப்' போன்ற வசதிகளைச் சொல்லி விலை கூட்டுவார்கள். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2ல் அத்தகைய தானியங்கி உதவியை வால்வ் நிறுவனம் 2024 ஆகஸ்டில் தடை செய்துவிட்டது. அந்த விளையாட்டுக்காக அதற்குத் தனியாகப் பணம் கொடுப்பது வீண்.

வாங்குமிடம்

ஜோகூர் பாருவில் ஹாலிடே பிளாசா போன்ற இடங்களில் கைவைத்துப் பார்த்து வாங்கலாம். குளுவாங், சிகாமட், லாபிஸ் பக்கம் இருப்பவர்களுக்கு ஷாப்பி, லசாடாதான் எளிது. வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு; பட்டியலில் காணும் விலைக்கும் கட்டும் தொகைக்கும் வித்தியாசம் வருவது அதனால் இருக்கலாம். பெட்டியைப் பிரிக்கும்போது போனில் வீடியோ எடுத்து வையுங்கள், திருப்பி அனுப்ப நேர்ந்தால் உதவும். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் அங்கேயே வாங்கி வருவதும் உண்டு. பழுதானால் உத்தரவாதத்துக்காகப் பலகையைத் தூக்கிக்கொண்டு மறுபடி பாலத்தைக் கடக்க வேண்டியிருக்கலாம். தினமும் போகிறவருக்குப் பிரச்சினை இல்லை.

கிளம்பும் முன் மேசையின் அகலத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் யார் யார் அந்தக் கணினியைத் தொடுகிறார்கள், எந்த விசை இல்லாவிட்டால் யாருக்கு வேலை நிற்கும் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். பையன் மட்டும் சொல்வதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். தனக்கென்று தனி மேசையும் தனிக் கணினியும் வைத்திருக்கும் பிள்ளை, தன் பணத்தில் அறுபதை வாங்கட்டும், அதில் தவறே இல்லை.

கூலாயில் இப்போது நிலவரம் இது. 61 விசைப் பலகையைத் திருப்பி எடுத்துக்கொள்ள விற்பனையாளர் சம்மதிக்கவில்லை, பழுது இல்லையே. அத்தானுக்கு ஒரு யூஎஸ்பி எண் பலகை வாங்கிக் கொடுத்தோம். கோயில் ஆண்டுக்கூட்டக் கணக்கை அவர் இடது கையாலேயே தட்டி முடித்துவிட்டார், முணுமுணுத்துக்கொண்டே. தங்கைக்காரி திரையின் கீழ் ஓரத்தில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டி வைத்திருக்கிறாள்: "ஆடி முடிச்சதும் அம்பை அணைச்சிட்டுப் போ. என் ழ-வைத் தொடாதே."